கோர்ட்டுக்குப் போன கதை

சாயங்காலம் அஞ்சு மணி ஆச்சுன்னா எங்க அப்பா "கோர்ட்டுக்குப் போயிட்டு வர்றேன்"னு கிளம்பிருவார். காலனிக்குப் புதுசா குடிவந்த ஒரு அம்மா, ஒரு மாசம் இதையே பாத்துட்டு, ஒருநாள் எங்க அம்மாகிட்ட வந்து ரொம்ப அக்கறையா, "ஏங்க்கா, சொத்து வழக்கா? என் தம்பி வக்கீல்கிட்ட குமாஸ்தாவா இருக்கான், சொல்லி விடவா?"ன்னு கேட்டாங்களாம். எங்க வீட்டுல இன்னிக்கும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம் :-)

அப்பா போன கோர்ட்டு, பால் பேட்மின்டன் கோர்ட்டு. பூப்பந்து. திருப்பரங்குன்றம் போற வழியில ஒரு மில் காலனி, அதுக்குப் பின்னாடி பொட்டல். அந்தப் பொட்டல்லதான் ரெண்டு இரும்புக் கம்பமும் நடுவுல ஒரு வலையும்.

கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுட்டான்னு ஓடிராதீங்க மக்கா. காரணம் இருக்கு. போன மாசம் பையனைக் கூட்டிக்கிட்டு ஒரு உள்ளரங்கத்துக்கு ஷட்டில் ஆடப் போனேன். பச்சை மேட்டு, பக்கவாட்டுல விளக்கு, சுவத்துல அறிவிப்பு: "வெளியில் அணியும் காலணிகளுக்கு அனுமதி இல்லை." பையன் கேட்டான், "அப்பா, நீங்க சின்னப் பையனா இருந்தப்ப உங்க கோர்ட்டு என்ன மேட்டு?" மண்ணுடான்னேன். "மண்ணுலயா? வழுக்காதா? அதை யாரு மெயின்டெய்ன் பண்ணுவா?"ன்னான். பதில் சொல்ல ஆரம்பிச்சேன், எங்கெங்கயோ போயிருச்சு. அதான் பதிவாவே போட்டுடலாம்னு.

காலுக்குத் தரை, பந்துக்குக் காத்து

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவா வச்சுக்குவோம். டென்னிஸ்ல பந்து தரையில குத்தி எழும்பும். அதனால தரை மாறுனா ஆட்டமே மாறும். பூப்பந்துலயும் ஷட்டில்லயும் பந்து தரையைத் தொட்டா அந்தப் பாயின்ட்டு அதோட முடிஞ்சது. அப்ப தரை எதுக்கு? முழுக்க முழுக்க ஆடுறவன் காலுக்கு. வழுக்கக் கூடாது, ரொம்பவும் பிடிச்சு இழுக்கக் கூடாது, குதிச்சு இறங்கினா முட்டியை உடைக்கக் கூடாது. அம்புட்டுதான்.

பந்துக்கு வேண்டியது காத்து. சரியாச் சொன்னா, காத்து இல்லாத காத்து. ஷட்டில் காக்கோட எடை 4.74-லேர்ந்து 5.50 கிராம்தான். 16 இறகு, ஒரு தக்கை. யாராவது பக்கத்துல பலமா தும்முனாக்கூட திசை மாறிடும்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். பூப்பந்தோ மஞ்சள் கம்பளி நூல் பந்து, 27-லேர்ந்து 30 கிராம். காக்கை விட அஞ்சாறு மடங்கு கனம். ஆடி மாசம் மேற்க இருந்து வர்ற காத்துலயும் ஒரு மாதிரி ஆடிடலாம்.

இந்த இருபத்தஞ்சு கிராம் வித்தியாசந்தான் இந்தப் பதிவோட மொத்தக் கதையும். காக்குக்குக் கூரை வேணும். கூரைன்னா கட்டடம், கட்டடம்னா காசு, காசுன்னா பூட்டு, பூட்டுன்னா சாவி ஒருத்தர் கையில. கம்பளிப் பந்துக்கு வானம் போதும்.

தஞ்சாவூர்ல ஆரம்பிச்சது

பூப்பந்து வரலாறு சொல்றவங்க எல்லாரும் தஞ்சாவூர்லதான் ஆரம்பிப்பாங்க. 1856-ல தஞ்சை அரச குடும்பத்துல இதை ஆடுனாங்கன்னு சொல்றது வழக்கம். இந்த வருஷத்தைப் பாத்ததும் எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. 1855-ல தான் தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாம இறந்தார். அதைச் சாக்கா வச்சுக் கும்பினி ராஜ்ஜியத்தை எடுத்துக்கிச்சு. ஆக, ஆள நாடு போன மறு வருஷம் அரண்மனையில பந்து ஆடியிருக்காங்க. ராஜ்ஜியம் போச்சு, மைதானம் மிஞ்சுச்சு! வேற என்னதான் செய்வாங்க பாவம்.

வெள்ளைக்காரங்க அந்தக் காலத்துல இறகுக் காக்கு, கம்பளிப் பந்து ரெண்டையும் மாத்தி மாத்தி ஆடியிருக்காங்க. காத்தடிக்கிற நாள்லயும் ஈரமான நாள்லயும் கம்பளிப் பந்து. பூனாவுல இருந்த ராணுவ அதிகாரிகள் இந்த ஆட்டத்தை இங்கிலாந்துக்குக் கொண்டு போனாங்க. அங்க பேட்மின்டன்ங்கிற இடத்துல ஒரு பிரபுவோட மாளிகையில 1873 வாக்குல ஆடப்பட்டு, அந்த ஊர்ப் பேரே ஆட்டத்துக்கு நிலைச்சுதுன்னு சொல்வாங்க. 1893-ல இங்கிலாந்துல சங்கம் அமைச்சாங்க, 1899-ல ஆல் இங்கிலாந்து போட்டி தொடங்குச்சு.

ஒரு வேடிக்கை. ஆரம்பத்துல ஷட்டில் கோர்ட்டு இப்ப இருக்குற மாதிரி நீள்சதுரம் இல்ல. நெட்டுகிட்ட குறுகி ரெண்டு முனையிலயும் அகலமா, உடுக்கை மாதிரி இருந்துச்சு. 1901-ல தான் அந்த வடிவத்தைக் கைவிட்டாங்க. உடுக்கைக்கு இடுப்புப் போனது அந்த வருஷந்தான்.

அங்க குளிர், மழை. ஆட்டம் கூரைக்குள்ள போயிருச்சு. இங்க வெயில், வெட்டவெளி. ஆட்டம் மண்ணுலயே நின்னுடுச்சு. பள்ளிக்கூட மைதானம், ரயில்வே காலனி, மில் காலனின்னு தென்னிந்தியா பூரா பரவுச்சு. 1954-ல இந்தியப் பூப்பந்துச் சம்மேளனம் அமைஞ்சது. 1956-ல ஹைதராபாத்ல முதல் தேசியப் போட்டி. 1970-ல வாரங்கல்காரர் ஜம்மலமடக பிச்சையா இந்த ஆட்டத்துக்காக முதல் அர்ஜுனா விருது வாங்குனார். நூறு வயசைத் தாண்டி வாழ்ந்து 2021-ல தான் காலமானார். மண் தரையில ஓடுன காலு. முட்டி வலின்னு புலம்புற நாமெல்லாம் யோசிக்கணும்.

ஒரு குடம் தண்ணி சந்தா

பூப்பந்து கோர்ட்டு 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். ஷட்டில் இரட்டையர் கோர்ட்டு 13.40-க்கு 6.10. பரப்புல கணக்குப் போட்டா மூணரை மடங்கு. ஒரு பக்கத்துக்கு அஞ்சு பேர், ஆக மொத்தம் பத்துப் பேர் ஒரே நேரத்துல ஆடலாம். இம்புட்டு இடத்துக்கு யார் கூரை போடுறது? அதனால மண்ணைத்தான் ஒழுங்கா வச்சுக்கணும்.

எங்க கோர்ட்டைப் பாத்துக்கிட்டவர் மில்லுல ஃபிட்டரா இருந்தவர். காலனிப் பசங்க எல்லாருக்கும் மாமா. மதுரையைச் சுத்தி எத்தனை மண்ணு இருக்குன்னு நான் பள்ளிக்கூடத்துல படிக்கல, அவர்கிட்டதான் படிச்சேன்.

திருமங்கலம் பக்கம் போனா கரிசல். மழையில உப்பும், கோடையில பாளம் பாளமா வெடிக்கும். வெடிப்புல கால் மாட்டுனா கணுக்கால் போச்சு. அதனால கரிசல் மண்ணு உள்ள ஊருல மேல் மண்ணை வெட்டி எடுத்துட்டு, சரளையும் செம்மண்ணும் அடிச்சுத்தான் கோர்ட்டுப் போடணும். வைகை மணல்ல கிரிக்கெட் ஆடலாம், பூப்பந்து ஆட முடியாது. மணல் காலை வாங்கும். வெறும் செம்மண்ணு காஞ்சா புழுதி, மேல இருக்குற பொடிக்கல்லு உருளும், கால் சறுக்கும். கண்மாய்க் கரம்பை நல்லா ஒட்டும், ஆனா மழை பேஞ்சா சேறு, ரெண்டு நாளைக்கு உள்ள போக முடியாது.

ஆக ஒண்ணு மட்டும் உதவாது, கலக்கணும். அடியில சரளை, தண்ணி இறங்கிப் போக. மேல செம்மண்ணு, அதைப் பிடிச்சு வைக்கக் கொஞ்சம் கரம்பை. எல்லாத்துக்கும் மேல, சலிச்ச கரையான் புத்து மண்ணு. கரையான் தன் எச்சில்ல குழைச்சுக் கட்டுன மண்ணு. நுணுக்கமா இருக்கும், நனைச்சு உருட்டுனா சிமெண்ட்டு மாதிரி இறுகும். அந்தக் காலத்து டென்னிஸ் கோர்ட்டுக்கும் இதைத் தேடிப் போவாங்க. ஆனா புத்தை வெட்டப் போனா, பால் ஊத்திக் கும்பிடுற ஆத்தாமாருங்க விளக்கமாத்தைத் தூக்கிருவாங்க. அதனால இடிஞ்சு போன புத்தாத் தேடி வயக்காட்டுல அலைவோம். பாம்பு இருக்குமோன்னு குச்சியை விட்டுக் குடைஞ்சுட்டு மாமா திரும்பிப் பாக்குறதுக்குள்ள நாங்க அரை ஃபர்லாங் தாண்டியிருப்போம் :-)

கோர்ட்டு வடக்கு தெற்கா இருக்கணும். கிழக்கு மேற்கா போட்டா சாயங்கால வெயில் ஒரு பக்கத்து ஆளுக்கு நேரா கண்ணுல அடிக்கும். கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு பக்கம் சரிவு இருக்கணும், ஐப்பசி மழை தேங்காம ஓட. கோட்டுக்குச் சுண்ணாம்புப் பொடி. விசேஷ ஆட்டம்னா கட்டில் நாடாவை ஆணி வச்சு அடிப்போம். கோடைக்கு முன்னாடி சாணிப்பால் கரைச்சு மெழுகி விடுவோம், புழுதி அடங்க.

இதெல்லாம் வருஷத்துக்கு ஒரு வாட்டி. தினசரி வேலை தண்ணி தெளிச்சு உருளை இழுக்குறது. களிமண் துகளுக்கு நடுவுல கொஞ்சம் ஈரம் இருக்குற வரைக்கும்தான் அது ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும். முழுசா காஞ்சா புழுதியாப் பிரியும், ஈரம் கூடிப் போனா சேறாக் குழையும். ரெண்டுக்கும் நடுவுல இருக்குற அந்தப் பதத்தை மாமா செருப்பைக் கழட்டிட்டுக் குதிகாலை ஊனிப் பாத்துச் சொல்லுவார். குழி விழுந்தா இன்னும் காயணும். தூசி எழும்புனா இன்னொரு குடம். லேசா தடம் மட்டும் பதிஞ்சா, "உருளையை இழுங்கடா."

அங்க சந்தா கிடையாது. விதி ஒண்ணுதான்: ஆட வர்றவன் ஒரு குடம் தண்ணி கொண்டு வரணும். சூப்பர்வைசரா இருந்தாலும் சரி, ஸ்வீப்பரா இருந்தாலும் சரி. மூணு மணி ஷிஃப்ட் முடிஞ்சு வந்த ஆளுங்க வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் குடத்தோட வரிசையா வருவாங்க. மில்லுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிட முடியாதவங்க, இங்க "எடுறா பந்தை"ன்னு கத்துவாங்க. ஆட்டம் முடிஞ்சா மறுபடி சார்தான்.

குடத்துல கை வச்ச கோடை

மதுரையில தண்ணிக் கஷ்டம் என்னன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. எண்பதுகளோட கடைசியில ஒரு கோடை. காலனிக் குழாயில நாளு விட்டு நாளு, அதுவும் அரை மணி நேரம். ஒரு சாயங்காலம் அம்மாமாருங்க இருபது பேர் கோர்ட்டுல வந்து உக்காந்துட்டாங்க. எங்க அம்மாவும் அதுல ஒருத்தர். "குடிக்கத் தண்ணி இல்ல, மண்ணுக்கு ஊத்துறீங்களா?" யாருகிட்டயும் பதில் இல்ல. என்ன பதில் சொல்ல முடியும்? அவங்க சொன்னதுதான் நியாயம்.

மறுநாள்லேர்ந்து துணி அலசுன தண்ணி, அரிசி களைஞ்ச தண்ணின்னு கொண்டு வந்து பாத்தாங்க. பத்தல. சோப்புத் தண்ணி பட்ட இடம் பிசுபிசுன்னு வேற ஆச்சு. மேல் மண்ணு பொடியாப் பறந்து, சரளை பல்லைக் காட்டுச்சு. ரெண்டு பேர் விழுந்து முழங்கை பேந்துச்சு. கூட்டம் போட்டுப் பேசினாங்க. சிமெண்ட்டுத் தளம் போட்டா தண்ணியே வேண்டாம்னு முடிவாச்சு. மாமா மட்டும் ஒத்துக்கல. "மண்ணு தண்ணியக் கேக்கும். சிமெண்ட்டு முட்டியக் கேக்கும்"னார். யாரு கேட்டா?

அவ்வளவு பெரிய இடத்துக்குச் சிமெண்ட்டு போடக் காசு இல்ல. அதனால சின்னதா, ஷட்டில் அளவுக்குப் போட்டாங்க. பத்துப் பேர் ஆடுன இடத்துல நாலு பேர். அதுவும் காத்து அடிக்காத விடியக்காலையில மட்டும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஷிஃப்ட் ஆளுங்க வந்து நின்னா, காக்கு பக்கத்து வீட்டு மாடியில கிடக்கும். மூணு வருஷத்துல பெரியவங்க ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. எங்க அப்பாவுக்கு முட்டியில வீக்கம். சிமெண்ட்டுதான் காரணமான்னு டாக்டர் சொல்லல, அப்பா சொன்னார். கோர்ட்டுத் தளத்துல வத்தல் காயப் போட ஆரம்பிச்சாங்க. அந்தம்மா கேட்ட மாதிரியே, அப்பாவுக்குக் கோர்ட்டுக்குப் போற வேலை முடிஞ்சு போச்சு.

மரமும் மேட்டும்

இப்ப உள்ளரங்கத்துக்கு வருவோம். அங்கயும் அதே ரெண்டு கேள்விதான்: காலுக்கு என்ன, காத்துக்கு என்ன?

காலுக்கு: நல்ல கோர்ட்டுல மேல தெரியுறது பி.வி.சி. மேட்டு, நீள நீளச் சுருளா விரிச்சு ஒட்டுனது. அதுக்கு அடியில மரப் பலகை. பலகைக்கு அடியில சட்டம், சட்டத்துக்கு அடியில ரப்பர். குதிச்சு இறங்குற அதிர்ச்சியை இந்த அடுக்கு வாங்கிக்கிடும். வெறும் சிமெண்ட்டு மேல மேட்டை விரிச்சுட்டு "சிந்தெடிக் கோர்ட்டு"ன்னு போர்டு மாட்டுறதும் உண்டு. வழுக்காது, ஆனா முட்டிக்கு அது பழைய சிமெண்ட்டுதான். சேர்றதுக்கு முன்னாடி மேட்டு ஓரத்தைத் தூக்கிப் பாருங்க. இல்லேன்னா குதிகாலை ஓங்கி மிதிச்சுப் பாருங்க. மரம்னா "தொம்"னு சத்தம் வரும், சிமெண்ட்டுன்னா சத்தமே வராது.

பராமரிப்பு, மண்ணுக்கு நேர் எதிர். இங்க தண்ணிதான் எதிரி. நான் ஆடப் போன ஒரு அரங்கத்துல, ஆயுத பூசைக்கு நம்ம வீட்டைக் கழுவி விடுற மாதிரியே பக்தியா வாளி வாளியா ஊத்தி மரத்தரையைக் கழுவிட்டாங்க. பொட்டு வச்சுப் பொரிகடலையும் குடுத்தாங்க. அடுத்த வாரம் பலகை உப்பி, ஓரம் தூக்கிக்கிச்சு. மாசக்கணக்குல ஆட்டம் இல்ல. தினம் காஞ்ச துடைப்பான்ல தூசி எடுக்கணும், பிழிஞ்ச துணியில லேசா துடைக்கணும், வேர்வை விழுந்தா உடனே ஒத்தி எடுக்கணும். எண்ணெய்ப் பசை, பினாயில் ஆகாது. வெளிச் செருப்போட வர்ற மணல் ஒண்ணு போதும், மேட்டை உப்புத்தாள் மாதிரித் தேய்ச்சுடும். அந்த அறிவிப்புப் பலகைக்கு அர்த்தம் அதான்.

காத்துக்கு: ஆடும்போது ஜன்னல் மூடணும், ஃபேன் கூடாது. பெரிய போட்டிக்குக் கூரை 12 மீட்டர் உயரம் கேக்குறாங்க. விளக்கு தலைக்கு மேல இருந்தா அண்ணாந்து பாக்குறப்ப கண்ணு கூசும், அதனால பக்கவாட்டுல. வெள்ளைக் காக்கு தெரியணும்னா சுவரு அடர் நிறமா இருக்கணும். சித்திரை மாசம் தகரக் கூரைக்கு அடியில ஆடிப் பாருங்க, இட்லி படுற பாடு தெரியும். அந்த வறட்சியில காக்கோட இறகு ஒடியும். அதுக்கு டப்பாவோட கொஞ்ச நேரம் ஆவியில காட்டி எடுக்குறது எங்க வழக்கம். வெக்கையில காக்கு தூரமா பறக்கும்ங்கிறதால, வேகம் குறைஞ்ச காக்காப் பாத்து வாங்கணும்.

கூரையைக் குறை சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க. பிரகாஷ் படுகோனே பெங்களூர்ல ஒரு கல்யாண மண்டபத்துல ஆடித்தான் வளர்ந்தார். கல்யாணம் நடக்குற நாள்ல கோர்ட்டு கிடையாது. அங்கேர்ந்து கிளம்புனவர் 1980-ல ஆல் இங்கிலாந்து ஜெயிச்சார். நம்ம மதுரைப் பொண்ணு ஜெர்லின் அனிகா, மாநகராட்சிப் பள்ளியில படிச்சவர், 2022 மே மாசம் பிரேசில்ல நடந்த செவித்திறன் குறைந்தோர் ஒலிம்பிக்ஸ்ல மூணு தங்கம் வாங்குனார், அதே வருஷத்துக்கான அர்ஜுனா விருதும் கிடைச்சுது. நல்ல கூரை, நல்ல தரை இல்லாம அந்த உயரம் நடக்காது. என் கவலை வேற. ஜெயிக்கப் போறவங்களுக்குக் கோர்ட்டு இருக்கு. சும்மா சாயங்காலம் ஆடிட்டு வீட்டுக்குப் போற ஃபிட்டருக்கும் சூப்பர்வைசருக்கும் எங்க இருக்கு? மணிக்கணக்குல வாடகை கட்டுற இடத்துல, ஒண்ணா வேலை பாக்குறவங்க ஒண்ணா ஆடுறது இல்ல. யாரால கட்ட முடியுதோ அவங்கதான் ஒண்ணா ஆடுறாங்க.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிடுறேன். 2019 மே மாசம் உலக பேட்மின்டன் சம்மேளனம் சீனாவோட குவாங்சோ நகரத்துல "ஏர் பேட்மின்டன்"னு ஒண்ணை அறிமுகப்படுத்துச்சு. காத்துக்குத் தாங்குற புது வகைக் காக்கு, வெட்டவெளியில, புல்லு, மணல், கெட்டித் தரை எதுலயும் ஆடலாமாம். கூரை கிடைக்காதவங்களும் ஆடணும்னு ஏற்பாடு. நல்ல விஷயம்தான். ஆனா அந்தச் செய்தியைப் படிச்சப்ப, தஞ்சாவூர்க்காரங்க கம்பளி நூல்ல உருட்டி வச்ச பந்தை நினைச்சுக்கிட்டேன்.

பையன்கிட்ட இத்தனையும் சொல்லி முடிச்சப்ப ராத்திரி பத்து மணி. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிப் பட்டியல்ல இன்னமும் பூப்பந்து இருக்குன்னு அவனே சொன்னான், அவன் வகுப்புல ரெண்டு பேர் ஆடுறாங்களாம். அடுத்த ஞாயித்துக்கிழமை காலனிக்குக் கூட்டிட்டுப் போனேன். சிமெண்ட்டுத் தளம் விரிசல் விட்டுக் கிடக்கு. அதைத் தாண்டி, கருவேல முள்ளுக்கு நடுவுல உருளை அப்படியே இருக்கு, பாதி மண்ணுல புதைஞ்சு. நானும் அவனும் சேர்ந்து தள்ளிப் பாத்தோம். அசையல.

"இதை இழுக்க எத்தனை பேர்ப்பா வேணும்?"னான்.

நாலு பேர்டான்னேன்.

டிஸ்கி: உங்க ஊருல மண் கோர்ட்டு இன்னும் உயிரோட இருந்தா எந்த ஊரு, என்ன மண்ணு, யாரு தண்ணி தெளிக்கிறாங்கன்னு எழுதுங்க மக்கா. ரெண்டு பேர் நாங்க இருக்கோம். இன்னும் ரெண்டு பேர் தேறுனா போதும்.